நாற்பத்திரண்டு முதுகுகள்

தாயுமானவன் வடிவமைத்த அலுவலகம் திங்கட்கிழமை காலை திறந்தது. வேலைக்கு வந்த நாற்பத்திரண்டு பேரும் முதுகைக் காட்டியபடியே உள்ளே வந்தார்கள். எந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாலும் முதுகுதான் தெரிந்தது. யாரும் இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. படத்தில் அப்படித்தான் இருந்தது.

அலுவலகப் படம் வரைகிறவர்கள் அதில் நாலு ஆட்களையும் போடுவது வழக்கம். வெறும் மேசை நாற்காலியைக் காட்டினால் வாடிக்கையாளருக்குப் பிடிக்காது. தாயுமானவனும் ஆட்களைப் போட்டான். ஆனால் முகம் மட்டும் அவனுக்கு வராது. கண்ணைப் போட்டால் மூக்கு கோபித்துக்கொள்ளும். அதனால் எல்லாரையும் திருப்பி நிற்க வைத்துவிட்டான். நிறுவனம் படத்தைப் பார்த்து ஆள் எடுத்துவிட்டது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். இங்கே சுவரெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

"படத்துல என்ன இருக்கோ அதத்தான சார் கொண்டுவர முடியும்?" என்றார் நிர்வாக மேலாளர் எழிலரசி.

அவருக்கு முகம் இருந்தது. ஆனால் படத்தில் அவர் இல்லை. அதனால் சாவியைத் தாயுமானவன் கையில் கொடுத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"எங்க மேடம் கிளம்பிட்டீங்க?"

"தெரியல சார். எனக்கு இடம் போடலையே நீங்க."

ஒப்பந்தப்படி, வடிவமைத்தவன் மூன்று மாதம் அங்கேயே இருந்து குறைகளைச் சரிசெய்ய வேண்டும். வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொள்வார்கள். தாயுமானவனுக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஒன்பது வருடமாகப் பெருங்குடியில் ஒரு மாடி அறையில் தனியாக வரைந்து, தனியாகச் சாப்பிடுகிறவன் அவன். சாப்பிடும்போது எதிரே கணினித் திரைதான் இருக்கும். ஒரு நாளாவது எதிரே ஒரு முகம் இருக்க வேண்டும், அதைப் பார்த்துப் பேசிக்கொண்டே சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. அந்த ஆசையில்தான் சமூகக் கூடத்தின் நடுவே பன்னிரண்டு பேர் உட்காரும் நீள மேசையைப் போட்டிருந்தான்.

அலுவலகம் மூன்று பகுதியாக இருந்தது. சேர்ந்து வேலை செய்யக் கூட்டுக் களம். ஒருமுகமாக வேலை செய்யக் கவன அறை. கலந்து பழகச் சமூகக் கூடம். மூன்றும் அமோகமாக நடந்தன. கூட்டுக் களத்தில் இரண்டு பேர் பேச ஆரம்பித்தால் சுவரும் கேட்பதற்கு ஓரடி நெருங்கி வந்தது. சாயங்காலத்துக்குள் ஆறு பேர் ஒரே நாற்காலியில் இருந்தார்கள். கவன அறைக்குள் போன குமரகுரு கவனத்திலேயே கரைந்துபோய்ச் சட்டையாக மட்டும் மிஞ்சினார். சட்டை தொடர்ந்து தட்டச்சு செய்தது. வருகைப் பதிவில் அவருக்கு முழு நாள் போட்டார்கள்.

சமூகக் கூடத்தில் மதியம் ஒன்றரைக்கு டப்பாக்கள் திறந்தன. தாயுமானவன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். மற்ற பதினொரு பேரும் மேசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். பகிர்ந்துகொள்ளாமல் இல்லை. கையைத் தோளுக்கு மேலே பின்னால் நீட்டி, துழாவி, அடுத்தவர் டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

எதிரே இருந்த நீல நிற முதுகு ஒரு டப்பாவைப் பின்பக்கமாக நகர்த்தியது.

"வாழக்கா வறுவல் சார். எடுத்துக்கங்க. ஆளு பந்திக்குப் புதுசுபோல."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மெல்லுறதுக்குக்கூட யோசிக்கிறீங்களே."

அவள் பெயர் வசுமதி. பொல்லாத வாய். நாலு நாளில் தாயுமானவன் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மாடி அறையில் குக்கர் விசில் அடித்தால் "வரேன், வரேன்" என்று தான் பதில் சொல்வதைக்கூடச் சொன்னான். அவள் சிரித்தாள். தோள் குலுங்கியது. அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்தது.

வெள்ளிக்கிழமை அவன், படத்தில் மாற்றம் செய்ய அனுமதி தரும் திருத்தப் பிரிவுக்குப் போனான். படத்தில் அதற்குப் போகும் நடைபாதை முப்பது அடி. நடந்துபோய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. வழியில் இரண்டு பஸ் நிறுத்தங்கள் இருந்தன. பஸ் வரவில்லை. கடைசியில் ஒரு ஜன்னலும், ஜன்னலுக்குள் ஒரு முதுகும் இருந்தன.

"படத்த வரைஞ்சவன் நான். ஒரு திருத்தம் பண்ணணும்."

"படத்துல எங்க நிக்கிறீங்க?"

"நான் படத்துல இல்லீங்க."

"அப்ப மொதல்ல உங்களப் போட்டுக்கங்க. ஒரு படத்துக்கு ஒரே ஒரு திருத்தம்தான்."

"என்னப் போட வேணாம். வேற ஒருத்தரத் திருப்பணும்."

"அப்ப நீங்க கடைசிவரைக்கும் படத்துல இல்லாத ஆளுதான். சம்மதமா?"

"இதுவரைக்கும் மட்டும் எங்க இருந்தேன்?" என்றான் தாயுமானவன்.

முதுகு ஒரு பென்சிலைக் கொடுத்தது. ரப்பர் கொடுக்கவில்லை.

ஒன்றரைக்குக் கிளம்பியவன் திரும்பி வந்தபோதும் மணி ஒன்றரைதான். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். படத்தை மேசையில் விரித்தான்.

"வசுமதி, உங்க முகம் எப்படி இருக்கும்?"

"நல்லா கேட்டீங்க போங்க. வரையாத முகத்த நான் எங்க பாத்தேன்?"

"எப்படி வரையட்டும்?"

"கண்ணு மட்டும் பெருசா இருக்கட்டும் சார். உங்களப் பாக்கணும்ல."

தாயுமானவன் பென்சிலை எடுத்தான். கண்ணைப் பெரிதாகப் போட்டான். மூக்கு இந்த முறை கோபித்துக்கொள்ளவில்லை. வரைந்து முடித்த பிறகுதான் தெரிந்தது, அது தினமும் சவரக் கண்ணாடியில் அவன் பார்க்கிற முகம். வேறு முகம் எதுவும் அவனுக்கு அவ்வளவு பழக்கமில்லை. மீசையை மட்டும் வரையாமல் விட்டிருந்தான்.

வசுமதி திரும்பினாள்.

மேசையைப் பார்த்தாள். மின்விசிறியைப் பார்த்தாள். பத்து முதுகுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அவன் இருந்த பக்கம் பார்த்தாள்.

"சார், எங்க இருக்கீங்க?"

"இங்கதான். உங்களுக்கு எதிர்ல."

"எதிர்ல நாற்காலிதான் சார் இருக்கு."

தாயுமானவன் எழுந்து நின்றான். கையை ஆட்டினான். பெரிய கண்கள் படத்தில் இல்லாத அவனைத் தாண்டிப் போய்த் தேடின.

"முன்னெல்லாம் நீங்க இருக்கீங்கன்னு நல்லாத் தெரிஞ்சுது," என்றாள். "இப்ப இல்லன்னு தெரியுது."

"இருக்கேன் வசுமதி."

"தப்பா எடுத்துக்காதீங்க சார். காலி நாற்காலியப் பாத்துக்கிட்டே சாப்பிட்டா சோறு எறங்க மாட்டேங்குது."

அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். நீல முதுகு மறுபடியும் வந்தது. அவள் அதற்குப் பிறகு எதுவும் கேலி பேசவில்லை.

தாயுமானவன் அழுதான். யாருக்கும் தெரியாது என்பதால் வெட்கப்படாமல் வாய்விட்டே அழுதான். பிறகு அவனும் தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டான். சுவரில் சுவிட்சுப் பலகை அரை அங்குலம் சாய்ந்திருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டான்.