இரண்டு வீட்டின் மேல் ஒரு தகரம்

செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கணினியே ஊரிலுள்ள வீடுகளை எண்ணியிருந்தது. ஜெபமலரின் புது வீட்டையும் மாமியார் ஞானபாயின் வீட்டையும் அது ஒரே கட்டடமாகச் சேர்த்துவிட்டது. அதனால் புது வீட்டுக்கு எண் இல்லை, மின்சாரமும் இல்லை.

"நேர்ல வந்து பாருங்க சார். ரெண்டு வாசலு, ரெண்டு அடுக்களை உண்டு," என்று பஞ்சாயத்து அலுவலகத்தில் ஜெபமலர் கெஞ்சினாள்.

"படத்துல ஒரே தகரமாக்கும் தெரியுது. பிரிச்சிட்டு வாங்க," என்றார் எழுத்தர்.

கோபமெல்லாம் கணவன் அமல்மேல் திரும்பியது. வீடுகளுக்கு நடுவே கூரையாகத் தகரம் போட்டவன் அவன்தான்.

"அம்மை நனையாம வரட்டும்னு போட்டேன்."

"நான் தனிக்குடித்தனம் வந்தது கம்ப்யூட்டருக்கே தெரியல்ல!"

வாசலில் நின்ற ஞானபாய் சொன்னாள்: "எலே, அதைப் பிரிச்சுப் போடு. இவ மீன் பொரிக்கிற புகை பூரா என் வீட்டுக்குள்ளயாக்கும்."

மறுநாளே தகரத்தைப் பிரித்தார்கள். ஜெபமலர் அதைப் போனில் படமெடுத்துக்கொண்டு மீண்டும் பஞ்சாயத்துக்குப் போனாள்.

"நல்லது. அடுத்த செயற்கைக்கோள் படத்துல சரியாயிரும்," என்றார் எழுத்தர்.

"அது எப்ப சார்?"

"அடுத்த வருஷம் வரும்."

அவள் வீடு திரும்பியதும் மழை கொட்டத் தொடங்கியது. கறிச்சட்டியோடு தன் வாசலில் நின்ற ஞானபாய் அங்கிருந்தே கத்தினாள்: "மக்கா, எப்படி வாறது? அந்தத் தகரத்தத் திரும்பப் போடச் சொல்லு!"

"அடுத்த வருஷம் படம் எடுக்குற வரைக்கும் மேல ஒண்ணும் போடப்பிடாது மாமி!" என்று கத்திய ஜெபமலர், தலையில் ஒரு தட்டைக் கவிழ்த்துக்கொண்டு கறிச்சட்டியை வாங்க மழைக்குள் ஓடினாள்.