குங்குமம் வைத்த டிஸ்க்

சர்வரில் இடமில்லை என்று கடையில் பில் போடும் சுஜிதா வந்து சொன்னபோது, நான் உளுந்த வடையின் எண்ணெயைச் செய்தித்தாளில் ஒற்றிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, சாம்பிள் போட்டோ ஒண்ணும் ஏற மாட்டேங்குது. வடக்க இருந்து பார்ட்டிக போன் மேல போன் அடிக்கிறாக. மொதலாளி காதுல விழுகுறதுக்குள்ள வெரசா பாருங்க."

போடியில் ஏலக்காய் வாங்கி விற்கும் எங்கள் கடையில் கம்ப்யூட்டர் தொடர்பான எல்லாவற்றுக்கும் நான்தான் நிபுணன். மின்விசிறி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சர்வர் என்று நாங்கள் மரியாதையாக அழைப்பது மாடிப்படிக்குக் கீழே உறுமிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியை. கணக்கு, சரக்கின் புகைப்படம் எல்லாம் அதன் வயிற்றுக்குள்தான்; குடோன் கேமராப் பதிவு மட்டும் அதில் மாட்டிய வெளி டிஸ்க்கில்.

பெட்டி முழுக்க நிறைந்துவிட்டது என்று காட்டியது. ஃபோல்டர் ஃபோல்டராக எடை போட்டுக் கூட்டினேன். பாதிகூட வரவில்லை. மூட்டைகளைத் தனித்தனியாக நிறுத்தால் ஓர் எடை, லாரியோடு நிறுத்தால் வேறோர் எடை என்றால் வியாபாரிக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது. யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

சந்தேகப்படுவதில் எங்களுக்கு அப்போது நல்ல பயிற்சி இருந்தது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து குடோனைத் திறந்தபோது முதல் தரக் காய் ஒரு மூட்டை குறைந்தது. பூட்டு உடையவில்லை. பூஜைக்கு முன் கடைசியாகக் குடோனைக் கூட்டியவர் லோடுமேன் பெரியகருப்பன். கேமராவைப் பார்க்கலாம் என்றால் அந்த விடுமுறைப் பதிவே இல்லை. "வயரப் புடுங்கிப்புட்டுத்தான் சோலியப் பாத்திருக்கான்" என்றார் முதலாளி அழகுமலை. நான் தலையாட்டினேன். தலையாட்டுவது என் வேலையின் முக்கியமான பகுதி. அன்றே பெரியகருப்பனை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். போடியில் ஒரு குடோன் விரட்டிய ஆளை இன்னொரு குடோன் உள்ளே விடாது. இப்போது விடிகாலை ஜீப்பில் மலையேறி காயெடுக்கும் கூலிக்குப் போகிறார்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்டார். "அப்பு, நீயாச்சும் மொதலாளிக்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா? எங்க வீட்டுலயே இப்ப என் சட்டப் பையத் தடவிப் பாக்குறாக" என்றார். நான் அனிச்சையாகச் சாப்பாட்டுப் பையை மறு கைக்கு மாற்றினேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். "சோத்துச் சட்டியத் தூக்க மாட்டேன், பயப்படாத" என்று சிரித்தார். அன்று எனக்கு அந்தச் சோறு இறங்கவில்லை. பை மட்டும் பத்திரமாக இருந்தது.

இப்போது இடத்தைக் காணோம். முதல் சந்தேகம் சுஜிதாமேல். நான் பக்கத்தில் போகும்போதெல்லாம் திரையில் எதையோ மூடுவாள்.

"ஒந் தங்கச்சி கல்யாண வீடியோ எதுவும் உள்ள கெடக்கா?"

"நீங்க எறக்குற படமெல்லாம் எங்கண்ணே கெடக்கு? மொதல்ல அதச் சொல்லுங்க."

அவள் மூடி வைத்தது சர்க்கார் பரீட்சைக்கான வினாத்தாள். ஒரு வடை அளவுகூட இடம் பிடிக்காது. என் படங்களையும் கனத்த மனதோடு அழித்தேன். அப்படியும் கணக்கு உதைத்தது.

அதற்குள் அழகுமலை வந்துவிட்டார். "என்னப்பா, இப்ப டிஸ்க்குலயும் திருட ஆரம்பிச்சுட்டாங்களா? அவந்தான் போறப்ப ஏதோ பண்ணி வச்சுட்டுப் போயிருக்கான்." போனில் ஒரு போட்டோ அனுப்பத் தெரியாமல் என்னிடம் நீட்டும் பெரியகருப்பன் சர்வருக்குள் புகுந்து வேலை காட்டுவதைக் கற்பனை செய்து பார்த்தேன். வெட்கமில்லாமல் ஒரு கணம் நம்பவும் செய்தேன்.

வேறு வழி தெரியாதபோது எல்லா நிபுணர்களும் செய்வதைச் செய்தேன். வயர்களைக் கழற்றி ஊதினேன். கேமராப் பதிவுகள் சேரும் வெளி டிஸ்க்கின் வாயிலிருந்து சிவப்பாகத் தூள் பறந்தது. துரு இல்லை, குங்குமம். திரையைப் பார்த்தேன். டிஸ்க்கைப் பிடுங்கியாயிற்று; அதன் ஃபோல்டர் காலியாக இருக்க வேண்டும். இல்லை. உள்ளே வரிசையாகப் பதிவுகள். எல்லாம் ஆயுத பூஜைத் தேதி.

அன்று தராசு, சல்லடை, மூட்டை தூக்கும் கொக்கி என்று எல்லாவற்றோடும் இந்த டிஸ்க்கையும் கழற்றி, பொட்டு வைத்து, குடோனில் சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்திருந்தோம். பூஜையில் வைத்ததை மறுபூஜை வரை தொடக் கூடாது. கேமராவுக்கு அந்த வழக்கம் தெரியாதே. டிஸ்க் இல்லாததால் அதே ஃபோல்டருக்குள், பெட்டியின் சொந்த இடத்திலேயே பதிவுகளைக் கொட்டியிருக்கிறது. பிறகு டிஸ்க் திரும்பி வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது, களத்துக் காயின்மேல் தார்ப்பாயை விரித்த மாதிரி. அடியில் கிடப்பது கண்ணுக்குத் தெரியாது, இடத்தை மட்டும் அடைக்கும். திரும்ப மாட்டியவன் இந்த நிபுணன்தான்.

"போடு" என்றார் அழகுமலை, என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. "கள்ளப் பய தூக்கிட்டுப் போறத எல்லாரும் பாப்போம்."

குடோன் தெரிந்தது. பெரியகருப்பன் கூட்டினார். தன் கொக்கியைத் துண்டால் துடைத்து மற்ற சாமான்களோடு வைத்தார். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு வெளியே போனார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பட்டுக்கரை வேட்டியில் அழகுமலை வந்தார். சரஸ்வதி படம் தாழ்வாக இருப்பதாகப் பட்டிருக்க வேண்டும். இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். ஓரத்திலிருந்து ஒரு மூட்டையைத் தரதரவென்று இழுத்துவந்து, சிவப்புத் துணியைப் போர்த்தி, படத்தைத் தூக்கி அதன்மேல் வைத்துக் கும்பிட்டார்.

அழகுமலை என் நாற்காலியிலிருந்து கையை எடுத்தார்.

"அது கழிவுக்காய்டா" என்றார். "கழிவுன்னுல்ல இழுத்துப் போட்டேன்." இருட்டில் மோந்து பார்த்தே தரம் சொல்வதாகப் பெருமை பேசுகிறவர். அன்று சாம்பிராணிப் புகை அதிகம்.

மூவரும் குடோனுக்குப் போனோம். வெள்ளிதோறும் நாங்கள் பூப்போட்ட படம் அதே இடத்தில் இருந்தது. அழகுமலை அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சுஜிதா துணியை விலக்கினாள். சாக்கின்மேல் முதல் தரத்துக்கான நீல மைக் குறி.

"அவனக் கூப்பிடு" என்றார், என்னைப் பார்க்காமல்.

"கூப்பிட்டு என்ன சொல்லுவீக மொதலாளி?" என்றாள் சுஜிதா.

நான் எண்ணை அழுத்தினேன். மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரள டவர் போலும், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் மலையாளத்தில் பணிவாகச் சொன்னாள்.

"இன்னொருக்க அடி."

அடித்தேன். அதே பெண். அழகுமலை படத்தை வைக்க ஓர் இடம் தேடிச் சுற்றிப் பார்த்தார். மூட்டைமேல் வைக்க மனம் வரவில்லை, தரையில் வைக்கவும் முடியவில்லை. அவர் காலடியில் பெரியகருப்பனின் கொக்கி கிடந்தது, சந்தனம் காய்ந்து வெடித்து, மறுபூஜைக்குப் பிறகு யாரும் எடுக்காமல். சரஸ்வதியைக் கைக்குழந்தைபோல் இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அதை மிதித்துவிடாமல் அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றார்.