உதட்டுச் சாயம் பூசிய மீன்

ரேலீனுக்குக் காலையிலிருந்தே எரிச்சலாக இருந்தது. அடிலெய்டிலிருந்து வந்திறங்கிய ஃபெலிசிட்டியும், அவள் பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்த பட அட்டைகளும்தான் காரணம்.

மீன்பிடித் துறைமுக ஊர் அது. அங்கிருந்த பாலர் பள்ளியில் ரேலீன் பதினெட்டு வருஷமாக ஆசிரியை. நாலு வயசுப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொற்கள் பத்து தெரிந்திருக்கிறதா என்று சோதிப்பது ஃபெலிசிட்டியின் வேலை. ஆறுக்குக் கீழே வாங்கினால் கூட்டாளிகளோடு பெரிய பள்ளிக்கூடம் போக முடியாது. இன்னொரு வருஷம் இங்கேயே கிடக்க வேண்டியதுதான். நாலு வயசில் ஃபெயில்! எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ.

நிவெஸ் வந்து உட்கார்ந்தாள். அவள் அப்பா சூரை மீன் படகில், அம்மா மரிட்சா மீன் வெட்டும் ஆலையில். ஃபெலிசிட்டி ஓர் அட்டையை நீட்டினாள். ரோஜா நிற மீன் ஒன்று இமை மயிரும் உதட்டுச் சாயமுமாக இளித்துக்கொண்டிருந்தது.

“செவுள் எங்க இருக்கு? தொட்டுக் காட்டு பாப்போம்!”

நிவெஸ் அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். “செவுளே இல்லயே. இது செத்துப் போயிடும்.”

ஃபெலிசிட்டி மதிப்பெண்ணாகச் சுழி போட்டாள். அடுத்தது ‘உருகுதல்’. படத்தில் வெள்ளைச் சதுரம் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. படகுக்கு ஐஸ் ஏற்றுவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை. “இது சீஸ்” என்றாள். அதற்கும் சுழி. கடைசியில் பத்துக்கு நாலு.

“அவளுக்குத் தெரியும், ஃபெலிசிட்டி. உங்க படத்துலதான் செவுள் இல்ல.”

“எல்லா ஊருக்கும் இதே படம்தான், ரேலீன். மத்த பிள்ளைங்க கன்னத்தைத் தொட்டுக் காட்டுறாங்களே!”

ரேலீன் விடுவிடென்று போய், ராத்திரி சமையலுக்கு வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்திருந்த கிழங்கான் மீனைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள். நிவெஸின் முகம் மலர்ந்தது. தலையோரத்து மூடியைத் தூக்கி உள்ளே விரலை விட்டாள்.

“இதான் செவுள். இதுல வர்ற தண்ணியிலதான் மூச்சு விடும். சிவப்பா இருக்கு பாருங்க, நல்ல மீன். பழசுன்னா வெளுத்துடும்.”

ஃபெலிசிட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். பிள்ளையின் கையில் கிருமிநாசினியைப் பீய்ச்சினாள். “ரொம்ப அழகா சொல்றா. ஆனா மார்க்கு படத்தைப் பார்த்துச் சொல்றதுக்குத்தான்.”

நிவெஸின் மதிப்பெண் தாளை ரேலீனின் கையெழுத்துக்கு நீட்டினாள். ஒரு தாளில் ஆசிரியை கையெழுத்து விட்டுப்போனாலும் மொத்த வகுப்புக்கும் மறுபடி சோதனையாம். இருபத்திரண்டு பிள்ளைகளும் திரும்ப இந்த மீனிடம் மாட்டுவதா? இவள் தொலைந்தால் போதும் என்றிருந்தது. எப்படியும் தாய் கையெழுத்துப் போடாமல் எந்தப் பிள்ளையையும் நிறுத்திவைக்க முடியாது. மரிட்சாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று ரேலீன் கிறுக்கிக் கொடுத்தாள்.

மூன்று மணிக்கு ஆலையின் வெள்ளை ரப்பர் பூட்ஸோடு மரிட்சா வந்தாள். தாளைப் படித்தவள் முகம் சுருங்கிப்போனது.

“சொல்லறிவு வயசுக்குக் கீழயா? வீட்டுல இது வாயே மூடாதே ரேலீன்.”

“அந்த அட்டைதான் தப்பு. படத்து மீனுக்குச் செவுளே வரையல, இல்லன்னு இவ சொன்னதுக்குச் சுழி போட்டுட்டாங்க. உன் பிள்ளை கெட்டிக்காரி. நீ கையெழுத்துப் போடாத, மரிட்சா.”

மரிட்சா தாளைத் திருப்பினாள். கீழே ரேலீனின் பெயர் இருந்தது.

“நீ போட்டிருக்கியே.”

ரேலீன் வாயைத் திறந்தாள். இருபத்திரண்டு பிள்ளைகள், மறு சோதனை என்று என்னவோ உளறினாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

“என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்ற. எனக்குப் புரியுது” என்றாள் மரிட்சா. “நான் மீன் வெட்டுறவ. நீ படிச்சவ. தப்புன்னா நீ போட்டிருக்கவே மாட்ட.”

பேனாவை வாங்கி, ரேலீனின் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரைப் பிசகில்லாமல் எழுதினாள். பிறகு மகளின் கையைப் பிடித்து வாசலுக்கு நடந்தாள்.

“அடுத்த தடவை அவங்க செவுள் எங்கன்னு கேட்டா, இல்லன்னு சொல்லாதடி. எங்கயாவது தொட்டுக் காட்டிடு.”

“எங்கம்மா?”

“எங்கயாவது.”