ஆறு மாதத்துக்கு ஓர் இடம்

மண்வெட்டியைப் படுக்கைவாட்டில் செருகி, நாலு விரல் ஆழத்தில் தள்ளினாள் வீப்கே. வின்டர்கிரீன் செடியின் வேர் அதற்குமேல் இறங்காது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அம்மாவின் கல்லறைமேல் ஒன்பது வருடமாகப் பாய் விரித்தாற்போல் படர்ந்திருந்த செடி, சிவப்புப் பழங்களோடு ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்தது. நசுங்கிய இலையில் மூட்டுவலித் தைல வாசனை அடித்தது.

நாளைக் காலை ஏழு மணிக்குக் குழி தோண்டும் இயந்திரம் வரும். அம்மாவுக்குப் பக்கத்திலேயே அப்பாவுக்கும் இடம். அதற்குள் செடியை எடுக்காவிட்டால் எல்லாம் குப்பைக்குத்தான் போகும் என்று கல்லறை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"செடிய மட்டும் விட்டுடாத, என்ன?"

சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவர் போய்விட்டார். இன்று புதன். இன்னும் அவளுக்கு அழுகை வரவில்லை. முதல் நாள் அது பயமாக இருந்தது. இப்போது அந்தப் பயமும் இல்லை.

வீட்டிலிருந்து கொண்டுவந்த பழக்கூடைகள் செடித் துண்டுகளால் நிரம்பிக்கொண்டிருந்தன. அடக்கம் முடிந்தாலும் மண் அமுங்கி முடிய ஆறு மாதம் ஆகும்; அதுவரை இங்கே எதையும் நட முடியாது.

"மறுபடியும் தாண்டி வந்துடுச்சு பாரு!"

பக்கத்துக் கல்லறைக்காரி லூக்கன் அம்மா, கையில் வாருகோலோடு நின்றாள். புதனும் சனியும் வந்து, புருஷன் படுத்திருக்கும் பாதியையும், தனக்கென்று வைத்திருக்கும் வெறும் பாதியையும் கோடு கோடாக வாரிவிட்டுப் போவாள். அதில் ஓர் இலை விழுந்தால்கூட அவளுக்குப் பொறுக்காது.

"உங்கப்பாகிட்ட சொல்லி வை. போன மாசம் மூணு கொழுந்து என் பக்கம். கேட்டா, 'உங்களக் குசலம் விசாரிக்க வந்திருக்கு'ங்கறாரு. கொழுப்பப் பாரு!"

வீப்கே அடுத்த துண்டைக் கூடையில் வைத்தாள்.

கிழவி கூடைகளைப் பார்த்தாள். பிறகு வெறும் மண்ணைப் பார்த்தாள். நவம்பரில் கல்லறைச் செடியை யாரும் சும்மா பெயர்ப்பதில்லை. இரங்கல் அறிவிப்பு நாளைய பேப்பரில்தான் வர இருந்தது.

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமை."

"அதான் மூணு வாரமா ஆளக் காணோமா. எனக்குப் பயந்துக்கிட்டு வரலன்னு நெனச்சேன்."

யாரோ குழாயடியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"எங்க வைக்கப் போற இத?"

"பால்கனியில."

"உங்கப்பா சொன்ன அந்த அஞ்சாவது மாடியிலயா? ஒரு ராத்திரி உறைபனி போதும், கூடையோட வேர் செத்துப்போகும். இது தரையில கெடக்கற சாதி."

"தெரியும். வேற எடமில்ல."

கிழவி வாருகோலைச் சாத்தி வைத்தாள். ஓரக்கல்லைத் தாண்டி, கோடு வாரிய தன் பாதியில் ரப்பர் பூட்சோடு ஏறி நின்றாள்.

"எடுத்துக் குடு."

"இது உங்களோட..."

"எனக்கு இப்ப ஒண்ணும் அவசரமில்ல. வசந்தம் வரைக்கும் கெடக்கட்டும். நடுவுல நான் வந்து சேந்தா, மறுபடியும் நீதான் பெயர்க்கணும்."

வீப்கேவுக்குச் சிரிப்பும் வரவில்லை. துண்டு துண்டாக எடுத்துக் கொடுத்தாள். கிழவி ஒன்றையொன்று ஒட்டி அடுக்கிக்கொண்டே வந்தாள்.

"பாத்துக்கிட்டு நிக்காத, ஏறி மிதி. அடியில காத்து நின்னா பிடிக்காது."

வீப்கே தயங்கினாள். தலைமாட்டுக் கல்லில் கிழவியின் பெயரும் பிறந்த வருடமும் ஏற்கெனவே செதுக்கப்பட்டிருந்தன. அதற்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடு, அப்புறம் வெறும் கல்.

"மிதிம்மா, எனக்கு வலிக்காது."

அவள் ஏறினாள். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஓரத்திலிருந்து நடு நோக்கி மெதுவாக மிதித்தார்கள்.