ஏற்றியது யார்

ஆறு வருடத்தில் அலோசியஸ் கற்ற இத்தாலி முழுவதும் வேலைக்கார இத்தாலி. கழுவு, துடை, மெதுவாக, நாளைக்கு வா. எல்லாவற்றிலும் அதிகம் அவன் காதில் விழுந்த சொல் ‘கரிக்கா’. பலெர்மோவின் லிபெர்த்தா வீதியில் அவன் வேலை செய்த வீட்டுக்காரர் கர்தெல்லா ஒரு வக்கீல். நாலாம் மாடிப் பல்கனியில் நின்றுகொண்டு அவர் “அலோ, கரிக்கா” என்றால், கீழே கிடக்கிற சாமானையெல்லாம் காரில் ஏற்று என்று அர்த்தம். போய்ச் சேர்ந்ததும் ‘ஸ்காரிக்கா’ என்பார். அது இறக்கு. இந்த இரண்டு சொல்லிலும் அலோசியசின் நாரி முறிந்தது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்றும் அவன் ஏற்றினான். கூடாரம், மடக்குக் கதிரைகள், ஆட்டிறைச்சிப் பெட்டி, கரி, கடைசியாக ஒரு நீளமான தோல் பை. ஈஸ்டருக்கு மறுநாள் பலெர்மோவில் யாரும் வீட்டில் சமைப்பதில்லை. ஊரே இறைச்சியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போகும். நல்ல மரத்தடியை வேறு யாரும் பிடித்துவிடுவார்களே என்பதற்காக முதல் நாளே போய்க் கூடாரமடித்துப் படுப்பது கர்தெல்லாவின் வழக்கம். மற்றவர்கள் மறுநாள் மத்தியானம் கைவீசிக்கொண்டு வருவார்கள். வேலை கூட என்பதால், மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற தன் மைத்துனன் ஸ்ரனிஸ்லாசையும் அலோசியஸ் கூட்டி வந்தான். அலோசியசின் மனைவி றோசமலரின் ஒரே தம்பி. இருபத்து நாலு வயது, மூக்கு நுனியில் கோபம்.

மலையடியில் இருந்த பொதுப் பூங்காவின் வாசலில் ஒரு பலகை நின்றது. கூடாரம் அடிக்கக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது, ஆயுதம் கொண்டுவரக் கூடாது. முதல் இரண்டுக்கும் கர்தெல்லா யாரையோ பிடித்து ஒரு கடிதம் வாங்கியிருந்தார். தோல் பைக்குள் இருந்தது மூன்றாவது. இரட்டைக் குழல் வேட்டைத் துவக்கு. அலோசியஸ் பலகையைக் காட்டித் தயங்கியபோது வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எனக்குச் சட்டம் படிப்பிக்க இலங்கையிலிருந்து ஆள் வந்திருக்கிறான்” என்றார். “கேள். துவக்கோடு திரிவது வேறு, துவக்கைக் கொண்டுபோவது வேறு. தோட்டா இல்லாமல், இரண்டாகக் கழற்றி, உறைக்குள் போட்டால் அது வெறும் சாமான். லைசென்ஸ் என் பேரில் இருக்கிறது. நாயோ நரியோ வந்தால் என்ன செய்வது? இன்னொருவன் கையில் இருந்தால்தான் குற்றம்.” சொல்லிவிட்டு அந்தப் பையை அலோசியசின் தோளிலேயே மாட்டிவிட்டார். கழற்றியிருந்தாலும் பூட்டியிருந்தாலும் பூங்காவுக்குள் துவக்குக்கே இடமில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தவர்களின் அடாவடி அப்படித்தான் இருக்கும்.

பின்னேரம் கூடாரத்தின் ஒரு மூலை சாய்ந்திருந்தது. முளை அடித்தவன் ஸ்ரனிஸ்லாஸ். குனிந்து சரிசெய்துகொண்டிருந்தவனின் விலாவில் கர்தெல்லா சப்பாத்துக் காலால் ஓங்கி உதைத்தார். அவன் மண்ணில் முகம் குப்புற விழுந்து, இரும்பு முளையைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தான். உதட்டில் ரத்தம். அலோசியஸ் பாய்ந்து அவனைக் கட்டிப்பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்துப் போனான்.

“விடுங்கோ அத்தான். இவனை இண்டைக்கு இஞ்சையே தாட்டுப்போட்டுப் போறன்.”

“அடே, உன்ரை கொக்கா எட்டு மாசமாக் கொழும்பிலை லொட்ஜிலை பிள்ளையோடை கிடக்கிறாள். அவையை இஞ்சை கூப்பிட, எனக்கு வீடு இருக்கெண்டு, வேலை இருக்கெண்டு இந்தாள் வைக்கிற ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. செவ்வாய்க்கிழமை வைக்கிறனெண்டு சொல்லியிருக்கிறார். ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு.”

“உங்களுக்காகப் பொறுக்கேல்லை. அக்காவுக்காகப் பொறுக்கிறன்.”

ஸ்ரனிஸ்லாஸ் முளையைக் கீழே போட்டான். அலோசியஸ் மட்டும் அக்காவைச் சொல்லி நிறுத்தாமல் விட்டிருந்தால் அவன் அன்றைக்கே கோபித்துக்கொண்டு மொண்டெல்லோவுக்கு நடந்து போயிருப்பான். இதைப் பிறகு அலோசியஸ் எத்தனை தரம் நினைத்தான் என்பதற்குக் கணக்கில்லை.

விடிந்து கரி மூட்டும் நேரத்தில் நாய்கள் வந்தன. ஏழெட்டு இருக்கும், எல்லாம் எலும்பும் தோலும். கர்தெல்லா இதற்காகவே காத்திருந்தவர் மாதிரிக் கூடாரத்துக்குள் போனார். துவக்கைப் பூட்டி, சட்டைப் பையிலிருந்து இரண்டு சிவப்புத் தோட்டாக்களை எடுத்துப் போடுவதை அலோசியஸ் பார்த்தான். அதற்குள் ஒரு நாய் பெட்டியைக் கவிழ்த்து ஆட்டுத்தொடையைக் கவ்விக்கொண்டு ஓடியது. “இறைச்சி, இறைச்சி” என்று வக்கீல் கத்தினார். ஸ்ரனிஸ்லாஸ் எடுபட்ட பொடியன். முதல் நாள் உதை வாங்கியும் புத்தி வரவில்லை. இறைச்சியை மீட்க நாய்க்குப் பின்னால் ஓடினான்.

வெடி கேட்டது. நாய்கள் சிதறிப் போயின. ஸ்ரனிஸ்லாஸ் உட்கார்ந்தான், பிறகு பக்கவாட்டில் சரிந்தான். அலோசியஸ் போய்த் திருப்பினான். இடுப்புக்கு மேலே சட்டையும் சதையும் ஒன்றாகப் பிய்ந்திருந்தன. தன் பெனியனைக் கழற்றிச் சுருட்டி அழுத்தினான். விரல்களுக்கிடையால் ரத்தம் சூடாக வந்துகொண்டே இருந்தது. “அத்தான், நோகேல்லை, குளிருது” என்றான் ஸ்ரனிஸ்லாஸ். அவன் கண்கள் அலோசியசைப் பார்த்தபடி இருந்தன. கொஞ்ச நேரத்தில் பார்ப்பதை நிறுத்திவிட்டன.

கர்தெல்லா நெருங்கி வந்து நின்றார். “இவன் ஏன் குறுக்கே ஓடினான்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அவர் கேட்காமல் இருந்திருக்கலாம். அலோசியஸ் எழுந்து துவக்கின் நடுவில் பிடித்து இழுத்தான். இருவரும் விழுந்து எழுந்தார்கள். வக்கீல் அவன் கையைக் கடித்தார். அவன் துவக்கின் அடிக்கட்டையால் அவர் வாயில் இடித்தான். பல் உடைகிற சத்தம் கேட்டது, அது அவனுக்குப் பிடித்திருந்தது. இன்னொரு தரம் இடித்தான். அவர் மல்லாந்து விழுந்ததும் குழலை நெஞ்சில் ஊன்றி விசையை அமுக்கினான். கிளிக் என்றது. திரும்பவும் அமுக்கினான். திரும்பவும் கிளிக். அந்தத் துவக்குக்கு இரண்டு விசை. முன்விசை, ஏற்கெனவே சுட்டு முடிந்த குழலுக்கு உரியது. அடுத்த தோட்டா பின்விசைக்குக் காத்துக்கொண்டிருந்தது. துவக்கு பிடித்துப் பழகாதவனுக்கு இது எங்கே தெரியப் போகிறது?

அவன் மூன்றாம் தரம் அமுக்குவதற்குள் வெடிச் சத்தம் கேட்ட பூங்காக் காவலர்கள் இருவர் வந்துவிட்டார்கள். ஒருவன் தடியால் முழங்காலில் அடித்தான். மற்றவன் துவக்கைப் பறித்துத் திறந்து உள்ளே இருந்த தோட்டாவைப் பார்த்துவிட்டு, சப்பாத்தை அலோசியசின் கழுத்தில் வைத்தான். பக்கத்தில் ஒருவன் செத்துக் கிடக்கிறான், ஒருவன் வாயெல்லாம் ரத்தமாகக் கிடக்கிறான், துவக்கு வைத்திருந்தவன் கறுவல். அவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

“இதைக் கரிக்கா பண்ணியது யார்?” என்று காவலன் துவக்கைக் காட்டிக் கத்தினான்.

கழுத்தில் கால் இருக்கும்போது மனிதன் தெரிந்த சொல்லைத்தான் பிடித்துக்கொள்வான். நேற்று லிபெர்த்தாவில் அந்தப் பையைக் காரில் ஏற்றியது யார்? அவன்தான். “நான்” என்றான் அலோசியஸ். “நான், கரிக்காத்தோ.”

துவக்குக்குத் தோட்டா போடுவதற்கும் இத்தாலிக்காரருக்கு அதே சொல்தான் என்பது அவனுக்குத் தெரியாது. கர்தெல்லாவுக்குத் தெரியும். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு அலோசியசை ஒரு கணம் பார்த்தார். பிறகு, “கேட்டீர்கள்தானே? எடுத்தவனும் அவன், சுட்டவனும் அவன், என்னையும் சுடப் பார்த்தான்” என்றார்.

கரபினியேரிப் பொலிஸ் நிலையத்தில் மாரெஷால்லோ, அதாவது அங்கே பொறுப்பதிகாரி, அதைத் தட்டச்சில் அடித்து வைத்திருந்தார். சட்டப்படி அது வலுவான பேப்பர்: லைசென்ஸ் இல்லாதவன், ஆயுதம் தடைசெய்த பூங்காவில், தோட்டா போட்ட துவக்கோடு, கொலை. கையெழுத்துக்கு முன் மொழிபெயர்ப்பு வேண்டும் என்பதற்காகப் பங்குக் கோவிலுக்குத் தொலைபேசி எடுத்து றெபேக்காவை அழைத்தார்கள். மன்னார்ப் பெண். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவள், வெளிநாட்டாருக்கு வதிவிட அனுமதி கொடுக்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் எல்லாருக்கும் மொழிபெயர்ப்பவள். ஒரு சொல் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். வயதை நாலு வருடம் குறைத்துச் சொல்லு பிள்ளை என்று கெஞ்சிய ஒருவரின் உண்மை வயதைச் சொல்லி, அவருக்கு வரவிருந்த பேப்பரையே கெடுத்தவள். சனம் அவளைத் திட்டும், பிறகு அவளிடமே போகும்.

அவள் தாளைப் படித்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் வக்கீல் வாயில் பஞ்சு வைத்தபடி இருந்தார்.

“அண்ணை, துவக்குக்குத் தோட்டா போட்டது நீங்களோ?” என்று றெபேக்கா கேட்டாள்.

“நானோ? அவர்தான் போட்டவர். நான் பாத்தனான். சட்டைப் பையிக்குள்ளை இருந்து எடுத்துப் போட்டவர்.”

“நீங்கள்தான் போட்டனீங்களெண்டு சொல்லியிருக்கிறியள்.”

“ஆர் காரிலை ஏத்தினதெண்டு கேட்டாங்கள். ஏத்தினது நான்தானே?”

றெபேக்கா கண்ணை மூடித் திறந்தாள். அதிகாரியிடம் திரும்பி, எங்கள் மொழியில் சாமான் ஏற்றுவது ஒரு சொல், துவக்குக்குத் தோட்டா போடுவது வேறு சொல், உங்களுக்குத்தான் இரண்டும் ஒன்று என்று நிதானமாக விளக்கினாள். தோட்டா வக்கீலின் சட்டைப் பையிலிருந்து வந்ததாக இவர் சொல்கிறார் என்றாள். அதிகாரி வக்கீலைச் சட்டைப் பையைக் காட்டச் சொன்னார். வக்கீல் தன் உரிமைகளைப் பற்றி ஏதோ தொடங்கினார். பஞ்சு தடுத்தது. ஒரு காவலன் பைக்குள் கைவிட்டு எடுத்து மேசையில் வைத்தான். நாலு சிவப்புத் தோட்டாக்கள். அலோசியசிடம் இருந்தது ஒரு ஜெபமாலையும் ஒரு பஸ் டிக்கெட்டும்.

அதிகாரி தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாளை உருட்டினார். “இன்னும் ஒன்று பாக்கி” என்றார். “இவன் தன்னைச் சுட வந்தான் என்கிறார் வக்கீல். சுட்டது அவர் என்றால், துவக்கு ஏன் இவன் கைக்கு வந்தது?”

றெபேக்கா கேட்டாள். பயம் எல்லாம் அடியோடு பூங்காவிலேயே போய்விட்டதால் அலோசியசுக்கு மறைக்கத் தோன்றவில்லை.

“கொல்லத்தான் பறிச்சனான். நெஞ்சிலை வைச்சு ரெண்டு தரம் அமத்தினனான். வெடிக்கேல்லை. இப்ப தந்தாலும் அமத்துவன். றோசமலர் வந்து தம்பி எங்கையெண்டு கேட்டா நான் வேறை என்னத்தைச் சொல்லுறது?”

றெபேக்கா மேசையில் கிடந்த தோட்டாக்களைப் பார்த்தாள். தட்டச்சு காத்திருந்தது.

“இன்னொரு தரமும் சுட்டுவிடுவாரோ என்று பயந்து பறித்ததாகச் சொல்கிறார்” என்று அவள் இத்தாலியில் சொன்னாள்.

அந்த அளவு இத்தாலி அலோசியசுக்கு விளங்கும். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். கொழும்பு லொட்ஜில் படிக்கட்டில் தொலைபேசிக்காகக் காத்திருக்கிறவளின் முகம் வந்தது. வாயை மூடிக்கொண்டான். ஸ்ரனிஸ்லாசுக்காக இந்த உலகத்தில் அவன் செய்யத் துணிந்தது ஒரே ஒரு காரியம். அது இப்போது எந்தத் தாளிலும் இல்லை.

அதிகாரி தாளை உருவி அவன் முன்னால் வைத்தார்.

“வையுங்கோ அண்ணை” என்றாள் றெபேக்கா, அவன் முகத்தைப் பார்க்காமல். நகத்துக்குள் ஸ்ரனிஸ்லாசின் ரத்தம் காய்ந்திருந்த கையால் அவன் கையெழுத்து வைத்தான்.