டைம்டேபிள் சொன்ன நேரம்

அந்தக் குடும்பத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டைம்டேபிள் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்திரண்டு ஆசிரியர்கள் இருக்கும் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் கால அட்டவணை போடுகிறவள். எந்த வாத்தியார் எந்தக் கிழமை எத்தனையாவது பீரியடில் எங்கே இருப்பார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். வீட்டு விசேஷங்களும் அவள் கையில்தான். யாரும் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள்.

அதில் ஒரு தில்லுமுல்லு உண்டு. நிஜ நேரத்தை அவள் யாருக்கும் சொல்லமாட்டாள். ஆறு மணி விருந்து என்றால் அத்தையிடம் ஐந்து என்பாள், மாமாவிடம் நாலு என்பாள். அப்பாவிடம் மூன்றரை. ஏனென்றால் லேட் விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எல்லாரும் உட்கார்ந்து முடித்த பிறகு கடைசியாகக் கதவைத் திறந்துகொண்டு வருவார். "பெரிய மனுஷன் வந்தாச்சு" என்று மாமா குரல் கொடுப்பார், கூட்டம் சிரிக்கும், அப்பாவும் சிரித்தபடி ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்வார். இப்படி ஆளுக்கொரு பொய் சொல்லித்தான் பத்து வருஷமாக அந்தக் கும்பலைக் கட்டி மேய்த்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

தங்கை கல்யாணத்துக்கு மட்டும் பொய் சொல்லவில்லை. பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். மூன்று மணிக்குக் கூப்பிடுவார்கள், மூன்றரைக்குப் பதிவேட்டை மூடிவிடுவார்கள். தவறவிட்டால் அடுத்த தேதி ஒரு மாதம் கழித்துத்தான். மாப்பிள்ளை கப்பல் எஞ்சினியர். மறுநாள் காலையில் ஏறினால் திரும்பி வர ஒன்பது மாதம் ஆகும். அரசாங்க ஆபீஸில் நம் சாமர்த்தியம் எதுக்கு என்று எல்லாரிடமும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "கரெக்ட்டா மூணு மணி."

அன்றைக்கு இரண்டேகாலுக்கு அலுவலக வராந்தாவில் நின்றபடி மாமாவுக்கு போன் போட்டாள். மாமாவும் அப்பாவும் மாப்பிள்ளையின் அம்மாவும்தான் சாட்சிகள்.

"எங்க மாமா வந்துட்டிருக்கீங்க?"

"வீட்லதாம்மா இருக்கேன். இப்பதான் குளிக்கப் போறேன்."

"மூணு மணிக்குக் கல்யாணம் மாமா!"

"நீ மூணுன்னா அஞ்சு. எனக்குத் தெரியாதா? உங்க அத்தைக்கு ஒரு மணி நேரம் கூட்டணும், எனக்கு ரெண்டு. போன தடவை நாங்கல்லாம் உக்காந்து ஒத்துப் பாத்துட்டோம்."

"கரெக்ட்டான்னு சொன்னேனே!"

"என்னைக்கு நீ கரெக்ட்டான்னு சொல்லாம இருந்திருக்கே?"

மாமா வீடு ஊரின் மறுகோடியில் இருந்தது. விழுந்தடித்துக்கொண்டு கிளம்பினாலும் நாலு மணிக்குத்தான் வந்து சேர முடியும்.

வேறு யாராவது என்றால் அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். இவளுக்கு இது தினப்படி வேலை. காலையில் நாலு பேர் லீவு சொன்னால் எட்டு நிமிஷத்தில் நாலு வகுப்புக்கும் மாற்று ஆள் போடுகிறவள். வியாழக்கிழமை, ஆறாவது பீரியட். பி.டி. வாத்தியாருக்கு வகுப்பு கிடையாது. பள்ளிக்கூடம் பத்து நிமிஷ தூரம்தான்.

"சார், இப்ப சும்மாதானே இருக்கீங்க?"

"ஆமா டீச்சர். உங்களுக்கெப்படி..."

"அட்டவணை போட்டதே நான்தான் சார். அடையாள அட்டையை எடுத்துக்கிட்டு பைக்ல வாங்க. சாட்சிக் கையெழுத்து ஒண்ணு போடணும். ஏழாவது பீரியட் உங்க பசங்களை லைப்ரரிக்கு அனுப்பிடறேன்."

கழுத்தில் தொங்கும் விசிலோடு அவர் வந்து இறங்கியபோது மணி இரண்டு நாற்பது. ஒரு ஓட்டை அடைத்தாயிற்று.

அடுத்தது அப்பா. அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடை போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. மாமா கணக்குப்படி பார்த்தால் அப்பாவுக்கு இரண்டரை மணி நேரம் கூட்டவேண்டும். ஐந்தரைக்குத்தான் வருவார். கெமிஸ்ட்ரி டீச்சரின் நம்பரைத் தேடினாள்.

தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவுக்குமா ஆள் மாத்துவே?"

"வேற வழி இல்லடி."

"அம்மாதான் இல்லாம போயிட்டா. அப்பாவும் பக்கத்துல நிக்காம நான் கையெழுத்துப் போடமாட்டேன். கப்பல் போனாப் போகட்டும்."

சின்னவள் சொன்னால் சொன்னதுதான். மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. டைம்டேபிள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. மூன்றேகாலுக்குக் காத்திருந்த ஜோடியிடம் பேசி அவர்களை முதலில் போகச் சம்மதிக்க வைத்தாள். குமாஸ்தாவிடம் சொல்லிப் பதிவேட்டில் வரிசையை மாற்றி எழுத வைத்தாள். ஆட்டோ பிடித்துப் போய் அப்பாவைக் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வருவது என்று படியில் தடதடவென்று இறங்கினாள்.

அப்பா மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். சட்டை மடிப்புக் கலையவில்லை.

"எங்கம்மா ஓடறே? மூணு மணிக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கே."

"அப்பா! நீங்க எப்படி...?"

"நீதானே மூணுன்னு சொன்னே?"

"இல்லப்பா, எப்பவும் லேட்டாத்தானே வருவீங்க..."

அப்பா கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் எங்க லேட்டா வந்தேன்? நீ சொன்ன நேரத்துக்கு வந்துடுவேன். மண்டபம் பூட்டியிருக்கும். ஆறு மணிக்குத்தான்னு வாட்ச்மேன் சொல்லுவான். அங்கயே நின்னா, நீ நேரத்தைத் தப்பாச் சொல்லிட்டேன்னு வர்றவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிடுமே. அதான் எங்கயாவது சுத்திட்டு, எல்லாரும் உள்ள போனப்புறம் வருவேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா."

"நாப்பது பேருக்கு நேரம் பாக்கறவ நீ. எனக்கு ஒண்ணு மாறிப் போனா குடியா முழுகிடும்? வா, சின்னவ தேடுவா."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அழ நேரமில்லை. அவர் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனாள். மூன்று இருபதுக்கு அப்பா சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார், தங்கை அவரை ஒட்டி நின்றபடி கல்யாணப் பெண்ணாகக் கையெழுத்துப் போட்டாள்.

ஐந்து மணிக்குள் விருந்துக்குச் சொல்லியிருந்த எதிர் ஹோட்டல் மாடியில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேட்டதும், போனில் சொன்னதையும் நம்பாமல் வந்த மாமாவுக்குக் கொஞ்சம் முகம் விழுந்தது. அதைச் சமாளிக்கச் சுற்றும் முற்றும் பார்த்து, "சரி சரி, நம்ம பெரிய மனுஷன் எங்க? இன்னும் வரலியா?" என்றார். கூட்டம் வழக்கம்போல் சிரித்தது. ஓரமாக உட்கார்ந்திருந்த அப்பாவும் சிரிக்கத் தொடங்கினார்.

டைம்டேபிள் எழுந்து நின்றாள்.

"மாமா, அப்பா எந்த விசேஷத்துக்கும் லேட்டா வந்ததே இல்ல. நம்ம எல்லாருக்கும் முன்னாடி வந்தவர் அவர்தான். நான் சொன்ன பொய்யைக் காப்பாத்தறதுக்காக வெளியில நின்னுட்டிருந்தார்."

"விடும்மா, எல்லாரும் சாப்பிடட்டும்" என்றார் அப்பா.

அவள் விடவில்லை. அத்தை வீட்டுப் புதுமனை புகுவிழாவில் தொடங்கி, எந்தத் தேதியில் அவருக்கு எத்தனை மணி என்று சொன்னாள், நிஜமாக எத்தனை மணி, எவ்வளவு நேரம் அவர் தெருவில் நின்றிருப்பார் என்று பத்து வருஷத்தையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவளுக்கு எல்லா நேரமும் ஞாபகம் இருந்தது.