ஞாயிற்றுக்கிழமையில் ஒரு துக்க ரகசியம்

இன்று ஞாயிறு. அது ரூபிக்கு எப்படி மறந்துபோகும்?

மரியசெல்வியின் உதடுகள் மற்றவர்களோடு சேர்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டுதான் இருந்தன. மனம் மட்டும் அந்தக் கேள்வியில் முள்ளில் மாட்டிய சேலை போல நின்றுவிட்டது.

வீட்டுப் பீடத்தில் அந்தோணியார் சுரூபத்தின் மேல் செல்போன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. திரையில் முகம் இல்லை. கறுப்புக்கு நடுவே ரூபி என்ற பெயர் மட்டும் இருந்தது. கேமரா கெட்டுப்போய்விட்டது என்று அவள் சொல்லி மாதக்கணக்காகிறது. பக்கத்து வீட்டிலிருந்து ஆரோக்கியம்மாள் சித்தி மாலையோடு வந்து, மகள் ரூபியின் குரல் கேட்பதற்காகவே போனுக்கு அருகில் முழங்காலிட்டிருந்தாள். மரியசெல்வியின் அப்பா ஞானராஜ் முழங்கால் வலிக்கு நாற்காலியில் இருந்தார்.

வெளியூரில் இருப்பவர்தான் ஜெபமாலையின் முதல் பத்து மணிகளைத் தொடங்கவேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். தொடங்குகிறவர் இயேசுவின் வாழ்க்கையிலிருந்து அன்றைக்குத் தியானிக்கவேண்டிய தேவ ரகசியத்தை அறிவிப்பார். செவ்வாயும் வெள்ளியும் துக்கம், ஞாயிறு மகிமை. இந்த வரிசையைக் கைதட்டிப் பாட்டாக்கி, மறைக்கல்வி வகுப்பில் தெருப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பழக்கிவிட்டதே ரூபிதான். இன்று அவள் தொடங்கினாள்: "முதல் துக்க தேவ ரகசியம். இயேசு பூங்காவனத்தில் இரத்த வேர்வை வேர்த்தது."

சித்தி சிரித்துவிட்டாள். "அடியே, இன்னைக்கு மகிமைடி. ஜெர்மனிக்குப் போயி ஜெபமாலையே மறந்துபோச்சாக்கும்."

ரூபியின் குரல் தணிந்தது.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாம்மா?"

"கேளுங்க அத்தான் இவ கேக்குறத," என்று சித்தி ஞானராஜிடம் சொல்லி மறுபடியும் சிரித்தாள். அவரும் சிரித்தார். ரூபி மகிமைக்கு மாறினாள். ஜெபம் ஓடியது.

ரூபி போன வருடம் ஜெர்மன் மொழி படிக்கப் போனவள். படித்து முடித்தால் அங்கேயே ஆஸ்பத்திரியில் வேலை என்று அனுப்பிவைத்தவன் பிராங்கிளின். பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஆபீஸ் வைத்திருந்தான். பங்குக் கோயில் பாடற்குழுவில் அவன் குரல்தான் எடுப்பான குரல். வருகிற வியாழக்கிழமை மரியசெல்வியும் அதே படிப்புக்கு, அதே இடத்துக்கு. முப்பத்தாறு வயதில். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி முடிந்து வந்து, கண் எரிய எரிய அந்த மொழியை உட்கார்ந்து படித்தவள் அவள். கல்யாணம் தட்டிப்போன வீட்டில், அந்த வார்த்தைகளை வாய்விட்டுச் சொல்லும்போது மட்டும் தன் குரல் வேறு யாரோ ஒருத்தியுடையதாகக் கேட்டது. அந்த ஒருத்தியை அவளுக்குப் பிடித்திருந்தது.

அதனால்தானோ என்னவோ, எதையும் பார்க்காமல் இருந்துவிட்டாள். போன மாதம் ஆசையாக ரூபியிடம் ஜெர்மனில் பேச்சுக் கொடுத்தபோது, "தமிழ்லயே பேசுக்கா, கேக்கணும்போல இருக்கு," என்றாள் ரூபி. அன்று மரியசெல்விக்குக் கண் கலங்கியது. அந்த மொழியில் ஒரு வார்த்தைகூட ரூபி வாயிலிருந்து வரவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

ஜெபம் முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

"ரூபி, பூசைக்குப் போனியா?"

"இல்லக்கா. கோயில் தூரம்."

"கிளாஸ் நடக்குதா?"

பின்னால் பெரிய பாத்திரங்கள் மோதும் சத்தம். ஓர் ஆண் குரல் அதட்டியது. ரூபி வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல வேகமாகக் கேட்டாள்: "ஒன் பாஸ்போர்ட்டு ஒங்கிட்டதானக்கா இருக்கு?"

லைன் அறுந்தது. திரும்பப் போட்டாள். போகவில்லை.

தூக்கம் பிடிக்காமல் புரண்டாள். அலுப்பில் கிழமை மறப்பது உண்டுதானே என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். நோயாளிகளின் வீட்டாருக்குத் தான் சொல்லும் ஆறுதல் போலவே அது இருந்தது. சொல்கிறவளுக்கு உண்மை தெரியும்.

காலையில் அப்பா டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே பிராங்கிளின் வந்துவிட்டான். சத்தம் கேட்டு சித்தியும் வந்தாள்.

"என்ன சிஸ்டர், ஜெர்மன்காரனே பயப்படுற மாதிரி பேசுறீங்களாமே," என்று சிரித்தபடி உட்கார்ந்தான். "விசா அடிச்ச பாஸ்போர்ட்டும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் எடுத்துட்டு வாங்க. போற எல்லாரோடதும் ஒண்ணா எங்கிட்ட இருந்தா ஏர்போர்ட்ல சுலபம்."

"அங்க எறங்குனதும் குடுத்துருவீங்களாண்ணே?"

"அங்க நம்ம ஆளு பத்திரமா வச்சிருப்பாரு. புதுசா வர்ற புள்ளைங்க தொலச்சிருதுங்க."

"ரூபியோடதும் அவர்கிட்டதானா?"

"ஆமா. வேற எங்க?"

அவள் தலையசைத்தாள். "ரூபிக்கு இப்ப ஒரு போன் போடுங்கண்ணே. ஒங்க போன்லருந்து. முகத்தப் பாக்கணும்."

"இந்நேரம் கிளாஸ்ல இருக்கும்மா அது."

"அங்க இன்னும் விடியலையேண்ணே."

அப்பாவின் டம்ளர் பாதிவழியில் நின்றது. பிராங்கிளின் சிரிப்பு மாறவில்லை. அது மாறாததுதான் அவளைப் பயமுறுத்தியது.

"அப்ப தூங்கும். எழுப்பணுமா? மாமா, இம்புட்டு தூரம் வந்துட்டு இப்ப சந்தேகப்பட்டா எப்படி? அங்க எடம் சொல்லியாச்சு." வலது கையை நீட்டினான். "எடுத்துட்டு வாம்மா. நேரமாகுது."

சித்தி அவள் தோளைத் தொட்டாள். "குடுத்துரு மரியா. நீ போனாத்தான் எம்புள்ளைக்குத் தொணை."

பயணம் புறப்படும்வரை பாஸ்போர்ட்டை அந்தோணியார் பாதத்தடியில் வைப்பது அந்த வீட்டில் வழக்கம். மரியசெல்வி பீடத்தருகே போனாள். சுரூபத்தைத் தூக்கினாள். பாஸ்போர்ட்டின் நீல அட்டையில் மெழுகு ஒரு துளி விழுந்து காய்ந்திருந்தது. எவ்வளவு ஆசைப்பட்ட புத்தகம் இது என்று நினைத்தாள். இப்போதுகூடப் போகத்தான் விரும்புகிறோம் என்பதும் தெரிந்தது. ரூபியும் இதே இடத்திலிருந்துதான் எடுத்து, இதே கையில் கொடுத்தாள்.

நகத்தால் மெழுகைச் சுரண்டிவிட்டு, பாஸ்போர்ட்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வந்தாள். பிராங்கிளினின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"குடுக்க மாட்டேண்ணே," என்றாள். குரல் உயரவில்லை. பிறகு சித்தியின் பக்கம் திரும்பி, "சேல மாத்திட்டு வாங்க சித்தி. ரூபியோட போட்டோவும் எடுத்துக்கங்க. அவள மீட்டுத் தரச் சொல்லி கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கப் போவோம்," என்றாள்.